பாசம் வைக்காமல் வளர்க்கும் பாஸம்

சிட்னிக் கடிதம்



சென்ற கடிதத்தின் கடைசியில், "எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் இரண்டு குட்டிகள் தூங்குகின்றன, சத்தம் போடாமல் எழுதி முடிக்கிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. "என்ன குட்டி? நாய்க்குட்டியா, பூனைக்குட்டியா?" என்று பாதிப் பேர். "அலமாரிக்குள் ஏன்?" என்று மீதிப் பேர். தஞ்சாவூர் வாசகி ஒருவர், "என் பையன் மரத்தடியிலிருந்து அணில் குட்டி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டான். பசும்பால் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். ஆனால் அவசரத்துக்கு இப்போதே ஒரு வார்த்தை: பசும்பால் வேண்டாம்.

அலமாரியில் தூங்கியவை நாயும் இல்லை, பூனையும் இல்லை. இந்த ஊர்க் காட்டுப் பிராணி. பெயர் பாஸம்! ஆமாம், நம்முடைய பாசம் போலத்தான் காதில் விழும். 1770-ஆம் ஆண்டு காப்டன் குக்கோடு கப்பலில் வந்தவர்களுக்கு அமெரிக்காவின் ஒபாஸம் என்ற பிராணி நினைவுக்கு வந்ததாம். அந்தப் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். இரண்டும் நெருங்கிய உறவில்லை.

பாஸத்தில் பல ஜாதி உண்டு. சிட்னி நகரத்துத் தோட்டங்களில் சகஜமாகப் பார்ப்பது இரண்டு. பூனை அளவில், புசுபுசுவென்று வாலோடு ஓட்டுக்கூரைக்குள் குடியேறித் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்று. அதில் பாதிகூட இருக்காது இன்னொன்று. வாலின் நுனி வெள்ளையாக இருக்கும், அந்த வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். சுருள்வால் பாஸம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எங்கள் வீட்டுக்கு வந்தவை சுருள்வால் குட்டிகள்.

பத்து மாதம் இல்லை, பன்னிரண்டரை நாள்

கங்காருவுக்கு வயிற்றில் பை இருப்பது எல்லோருக்கும் தெரியும். கங்காரு மாதிரியே பையில் குட்டியை வளர்க்கிற சின்னஞ்சிறு பிராணிகள் இங்கே ஏராளம். பத்துப் பன்னிரண்டு கிராமே எடையுள்ள, இறகு போன்ற வாலோடு மரத்துக்கு மரம் மிதந்து போகிற ஒன்று உண்டு. எலி என்று நினைத்து ஜனங்கள் அடித்துவிடுகிற ஒன்று உண்டு. அதன் மூக்கு கூராக நீண்டிருக்கும். அதில் ஆண் ஜாதி முழுவதும் பிறந்த ஒரே வருஷத்தில், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் செத்துப்போய்விடும்!

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, பின்கட்டில் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்கேயுமா பெருச்சாளி?" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி நிஜம். அதன் பெயர் பாண்டிகூட். தெலுங்கில் பெருச்சாளிக்குப் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி என்று பெயர். அதுதான் வெள்ளைக்காரர்கள் வாயில் பாண்டிகூட் ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் அதே சாயலில் வேறொரு பிராணியைப் பார்த்ததும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆனால் இது பெருச்சாளி அல்ல, பைப்பிராணி. மண் தோண்டும்போது குட்டிகளின் மேல் மண் விழக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, இதன் பையின் வாய் பின்பக்கமாகத் திறந்திருக்கும்!

இந்தப் பாண்டிகூட்டின் கர்ப்பகாலம் எவ்வளவு தெரியுமா? சுமார் பன்னிரண்டரை நாள்! கூரையில் குடியிருக்கும் பாஸத்துக்குப் பதினேழு பதினெட்டு நாள். "கொடுத்து வைத்தவள்" என்று பெருமூச்சு விடாதீர்கள். பிறக்கும் குட்டி ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண் இல்லை, காது இல்லை, ரோமம் இல்லை. அது தானாகவே தாயின் வயிற்று ரோமத்தைப் பிடித்துப் பிடித்து ஏறிப் பைக்குள் போய், ஒரு காம்பைக் கவ்விக்கொள்ளும். காம்பு வாய்க்குள்ளேயே சற்று வீங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நாலைந்து மாதம் அதுதான் உலகம். நாம் உள்ளே சுமப்பதை அது வெளியே சுமக்கிறது, அவ்வளவுதான்.

பையிலிருந்து பைக்கு

சரி, தாய் இறந்துபோனால்?

இங்கே அது தினமும் நடக்கிறது. ராத்திரியில் ரோட்டைக் கடக்கும்போது கார் அடிக்கும். நாய் குதறும், பூனை கடிக்கும். மின்சாரக் கம்பியில் ஓடும்போது ஷாக் அடிக்கும். தாய் போய்விடும், பைக்குள் குட்டி உயிரோடு இருக்கும். அதனால்தான் ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கும் பைப்பிராணியைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி, பையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. வாய் கிழிந்துவிடும். தாயோடு சேர்த்துத் துணியில் சுற்றி மிருக டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதற்கென்றே சேவை அமைப்புகள் இருக்கின்றன. எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 1985-இல் தொடங்கிய 'வயர்ஸ்', மெல்போர்ன் பக்கம் 1989-இல் தொடங்கிய 'வைல்ட்லைஃப் விக்டோரியா' இரண்டும் பெரியவை. போன் செய்தால் ஆள் வருவார்கள். அந்த ஆட்கள் யார்? உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான்! ரிட்டயரான டீச்சர், நர்ஸ், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள். சம்பளம் கிடையாது. பால்பவுடர் முதல் பெட்ரோல் வரை பெரும்பாலும் கைக்காசுதான்.

ஆனால் நினைத்தவர் நினைத்தபடி வளர்த்துவிட முடியாது. இந்த மாநிலத்தில் இந்நாட்டுப் பிராணிகளைச் சட்டம் பாதுகாக்கிறது. லைசென்ஸ் பெற்ற அமைப்பில் சேர்ந்து, பயிற்சி எடுத்து, அனுமதி வாங்கிய பிறகுதான் குட்டி கைக்கு வரும். பாஸத்துக்குத் தனி வகுப்பு. அங்கே எனக்குப் பாடம் நடத்திய அம்மாள் எடுத்த எடுப்பில் சொன்னது இது: "உங்களுக்கு வளர்ப்புப் பிராணி வேண்டுமானால் தயவுசெய்து இப்போதே வீட்டுக்குப் போய்விடுங்கள். இங்கே நாம் வளர்ப்பது, நம்மைக் கண்டால் பயந்து ஓடுவதற்காக."

இந்த வார்த்தை அப்போது எனக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது.

பிள்ளை வளர்த்த கை

பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு இந்த வேலை பாதி தெரிந்ததுதான். மீதிப் பாதி தலைகீழ்.

முதலில் சூடு. அதற்கப்புறம்தான் பால். உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் ஜீரணிக்காது. ரோமம் முளைக்காத குட்டிக்குச் சுமார் 32 டிகிரி சூடு வேண்டும். ரோமம் வந்துவிட்டால் 28 போதும். மின்சார ஹீட் பேடுக்கு மேல் மடித்த துண்டு, அதன் மேல் துணிப்பை, பக்கத்தில் தெர்மாமீட்டர். துணிப்பை என்பது தாயின் பைக்குப் பதில். பழைய பருத்திச் சட்டையில் நானே தைத்துவிடுவேன். இதில் ஒரு சூட்சுமம்: தையல் ஓரம் உள்ளே வரக்கூடாது. பிசிறு நூலில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். ஒரு பை அழுக்கானால் மாற்ற இன்னொன்று, துவைத்துக் காய்வது இன்னொன்று என்று ஒரு குட்டிக்கு அரை டஜனாவது வேண்டும்.

அடுத்தது பால். பசும்பால் விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பசும்பாலில் உள்ள சர்க்கரையை இந்தக் குட்டிகளால் ஜீரணிக்க முடியாது. வயிற்றுப்போக்கு வரும். அதைவிட மோசம், கண்ணில் புரை விழும். காட்டில் மரம் ஏற வேண்டியது குருடானால் அதோ கதிதான்.

இதற்கென்று தனியாகப் பால்பவுடர் விற்கிறார்கள். அதிலும் வயசுக்குத் தகுந்தாற்போல் டப்பா வேறு. 'வாம்பரூ' என்ற கம்பெனியின் டப்பாவில் 0.8-க்குக் கீழ், 0.8-க்கு மேல் என்று போட்டிருக்கும். பை வாழ்க்கையில் பத்தில் எட்டுப் பங்கு முடிகிறவரை ஒன்று, அதன் பிறகு மற்றொன்று. ஏன் என்றால், தாயின் பாலே குட்டி வளர வளர மாறிக்கொண்டு வரும். கங்காருவிடம் இதைவிட ஆச்சரியம்: பையில் பிஞ்சுக் குட்டியும் வெளியே பெரிய குட்டியும் இருந்தால், இரண்டு காம்புகளில் ஒரே சமயத்தில் இரண்டு விதமான பால் சுரக்கும்!

புகட்டும் முறைதான் தலைகீழ் என்றேன். நாம் குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, பாலாடையால் புகட்டிப் பழகியவர்கள். இதை ஒருபோதும் மல்லாக்கப் போடக்கூடாது. பால் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியாதான். துணியில் சுற்றி, கண்ணை மூடி, வயிறு கீழே இருக்கும்படி தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, சிரிஞ்சின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக அது நக்கிக் குடிக்க வேண்டும். எங்களிடம் வந்த குட்டிகளுக்கு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மில்லிதான். நாலு மணிக்கு ஒரு தரம், ராத்திரி உட்பட. குடித்து முடித்ததும் வாயைத் துடைக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் மெல்லத் தடவிக்கொடுத்தால்தான் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஐந்து கிராம் குறைந்தால்கூட டாக்டருக்குப் போன்.

சுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால் கலக்கும் பாத்திரம் தனி, கழுவும் பிரஷ் தனி. சமையலறை ஸிங்க் பக்கமே கொண்டுவரக்கூடாது. தொடுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பின்னும் கழுவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர் தைலமும் நாவலும்

குட்டிக்குக் கண் திறந்து, பல் வந்துவிட்டால் இலை வைக்க ஆரம்பிக்கலாம். சுருள்வால் பாஸத்தின் சாப்பாடு பெரும்பாலும் யூகலிப்டஸ் இலை. ஊட்டியில் காய்ச்சுகிறார்களே நீலகிரித் தைலம், அந்த மரத்தின் பூர்வீகம் இந்த நாடுதான். நமக்கு ஜலதோஷம் பிடித்தால் தேய்த்துக்கொள்ள வேண்டியதை இது மூன்று வேளையும் சாப்பிடுகிறது! அதோடு 'லில்லி பில்லி' என்று ஒரு மரத்தின் தளிர். அது நம் நாவல் மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. அப்புறம் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரிச் சிவப்பாகப் பூக்குமே, அந்தச் செடியின் பூவும் இலையும்.

தினமும் சாயங்காலம் கத்தரிக்கோலும் வாளியுமாகப் புறப்பட்டுவிடுவேன். மருந்து அடித்த மரம் கூடாது, ரோட்டோரத்துப் புகை படிந்த கிளை கூடாது. ஒடித்து வந்ததைக் கழுவி, தண்ணீர் ஜாடியில் கொத்தாகச் செருகி வைக்க வேண்டும். தட்டில் நறுக்கிப் போட்டால் சாப்பிடப் பழகும், தேடிச் சாப்பிடப் பழகாது.

இலையை ஜீரணம் செய்ய வயிற்றில் தனிக் கிருமிகள் வேண்டும். குட்டிக்கு அது தாயின் எச்சத்திலிருந்து வருகிறது. முகம் சுளிக்காதீர்கள்! அதனால் நாங்களும் ஆரோக்கியமான பெரிய பாஸத்தின் எச்சத்தைக் கொஞ்சம் வாங்கி வந்து கொடுப்போம். நம் வீட்டில் பாலில் உறை குத்துகிறோம் அல்லவா, அந்த மாதிரிதான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வரும் பாஸத்துக்கு ரொட்டியும் தேனும் வைப்பது இங்கே பலருக்கு வழக்கம். அன்பால் செய்வதுதான். ஆனால் அது அதன் வயிற்றைக் கெடுக்கிறது, மனிதன் கையை எதிர்பார்க்கப் பழக்குகிறது. கையை நம்பி வருகிறது நாய் வாய்க்கும் நம்பி வந்து நிற்கும்.

பெரியகுட்டி, சின்னக்குட்டி

சென்ற கடிதத்தில் சொன்ன அந்த இரண்டும் ஒரு பூனை கடித்த தாயின் பையிலிருந்தவை. தாய் டாக்டரின் மேஜையிலேயே போய்விட்டது. ஒன்று 80 கிராம், மற்றது அதைவிடச் சின்னது. பெயர் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் பத்து வயதுப் பெண் பெரியகுட்டி, சின்னக்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தாள். "அது பேர் இல்லேம்மா, அடையாளம்" என்று வாதாடினாள். சரி என்று விட்டுவிட்டேன்.

அலமாரிக்குள் ஏன் என்றால், அதுதான் வீட்டிலேயே இருட்டான, சந்தடியில்லாத இடம். டி.வி. சத்தம், கதவை அறைகிற சத்தம், பேச்சுக் குரல் எல்லாமே காட்டுக் குட்டிக்குப் பயம். பயமே அதைக் கொன்றுவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டவே கூடாது. போட்டோ கேட்ட சிநேகிதிகள் எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லி வருத்தம் சம்பாதித்திருக்கிறேன்.

சின்னக்குட்டியின் தொடையில் பூனையின் பல் பட்ட தடம் ஒன்று இருந்தது. ஊசி குத்தின அளவு. அதைப் பார்த்ததுமே டாக்டர், "பூனை வாய் பட்டதென்றால் ஒரு கீறலானாலும் ஆபத்து" என்று சொல்லி, ஆன்டிபயாடிக் கொடுத்தார். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிரைக் குடித்துவிடும். முதல் மூன்று நாள் நன்றாகக் குடித்தது. நாலாம் நாள் எடை ஏறவில்லை. ஐந்தாம் நாள் இறங்கியது. டாக்டர் மருந்தை மாற்றினார். ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணிப் பாலுக்கு எடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

மாமியார் எழுந்து வந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் வெந்நீர் வைத்தார். பெரியகுட்டிக்குப் பால் கலக்க வேண்டிய வெந்நீர். "அது இருக்கட்டும். இதுக்கு நேரமாச்சு, பாரு" என்றார். அந்த இரண்டு வார்த்தையில்தான் என் கை மறுபடியும் வேலை செய்ய ஆரம்பித்தது.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று எழுதினால் அது பொய். கைக்கு வருகிறவற்றில் பிழைக்காதவை உண்டு. டாக்டரே, இதைத் துன்பப்படுத்த வேண்டாம் என்று ஊசி போட்டு முடித்துவிடுவதும் உண்டு. 2019–20 காட்டுத்தீயில் இந்த நாட்டில் கிட்டத்தட்ட 300 கோடிப் பிராணிகள் செத்தோ இடம்பெயர்ந்தோ போயிருக்கும் என்று சிட்னி பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்த ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கோடையில் உலகமெங்கும் பெண்கள் தைத்து அனுப்பிய துணிப்பைகள் மலையாகக் குவிந்து, "போதும், இனி அனுப்பாதீர்கள்" என்று சொல்லும்படி ஆயிற்று. கோடிக்கணக்கில் போனதற்கு முன்னால் ஒரு எண்பது கிராம் என்ன கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கேள்வி தோன்றாது. பால் ஆறிவிடுமே என்றுதான் தோன்றும்.

கொடுத்துவிட வேண்டிய நாள்

பெரியகுட்டி தனியாகிவிட்டது. சுருள்வால் பாஸம் கூடி வாழ்கிற ஜாதி. காட்டில் அப்பாகூடக் குட்டியைச் சுமந்துகொண்டு திரியும். இதைத் தனியாக வளர்த்தால் வளர்த்த மனுஷியையே தாயென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காட்டில் தன் இனத்தோடு சேராது. ஆகவே ஒரே அளவுள்ள குட்டிகளை மூன்று நாலாகச் சேர்த்துவிடுவது விதி. ஒரு மணி நேரத் தொலைவில் இன்னொரு அம்மாளிடம் இரண்டு இருந்தன. பெரிய கூண்டும் அவரிடம்தான் இருந்தது. ஆக, கொடுக்க வேண்டியது நான்.

என் பெண் அழுத அழுகை! "நாமே இன்னும் ரெண்டு குட்டி வாங்கிக்கலாம்மா. இதை ஏன் குடுக்கணும்? இது என் தோள்ல வந்து தூங்குதே" என்றாள்.

அதுதான் காரணம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? தோளில் வந்து தூங்குவது நமக்குச் சந்தோஷம். அதற்கு அது நல்லதல்ல.

மாமியார்தான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "பாட்டி பேரு தெரியாம இதைப் பாசம் பாசம்னே சொல்லிண்டிருந்தேன். பாசம்னா கட்டி வைக்கிறதில்லைடி கண்ணு. உங்கப்பாவை நான் கும்பகோணத்துலயே கட்டி வச்சிருந்தா நீ ஏது, இந்த ஊர் ஏது? ஏரோப்ளேன் ஏத்திவிட்டு வந்து மூணு நாள் சாப்பிடலை. ஆனா போகாதேன்னு சொல்லலை" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றையும் ஒரு பையில் விட்டதும் ஒன்றையொன்று முகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒரே உருண்டை! எந்த வால் எதனுடையது என்று தெரியவில்லை.

கூண்டுக்குப் போன பிறகு நம் கை படுவது நின்றுவிடும். பால் மெள்ள மெள்ளக் குறையும், இலை ஏறும். கிளையிலிருந்து கிளைக்குத் தாவ, வாலால் தொங்க, இரவில் விழிக்க எல்லாம் அங்கே பழக வேண்டும். சுருள்வால் பாஸம் கிளைகளில் கூடு கட்டும். அதற்கு முன்மாதிரியாக, தேங்காய் நார் பதித்த தொங்கும் பூத்தொட்டிக் கூடை இரண்டை முகத்தோடு முகம் வைத்துக் கட்டி, பக்கத்தில் ஒரு வாசல் விடுகிறார்கள். நம் ஊர் நார் இங்கே பிரசவ அறையாகிறது, பாருங்கள்! குச்சி, மரப்பட்டை எல்லாம் போட்டு வைத்தால் அவையே வாலில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் உள்ளே மெத்தை போட்டுக்கொள்ளும்.

குறிப்பிட்ட எடை வந்து, இலையே முழு உணவாகி, ஆளைக் கண்டதும் ஓடி ஒளிந்தால் பரீட்சை பாஸ். குட்டி கிடைத்த இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே விட வேண்டும். எங்கேயோ நல்ல காடு என்று கொண்டுபோய் விட்டால் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை துரத்திவிடும். பழகிய கூட்டையே மரத்தில் கட்டி, சில நாள் இலையும் வைத்து, போவதும் வருவதும் அவை இஷ்டம் என்று விடுகிறார்கள்.

விடுகிற அன்று சாயங்காலம் எங்களுக்கும் சொல்லி அனுப்பினார் அந்த அம்மாள். தூரத்தில் நின்று பார்த்தோம். இருட்டுகிற நேரம் ஒன்று தலையை நீட்டியது, ஏறியது. பின்னாலேயே மற்றது. மூன்றாவது வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. "அதுதாம்மா நம்ப பெரியகுட்டி!" என்று என் பெண் மெல்லச் சொல்லி, ஓரடி முன்னால் வைத்தாள். காய்ந்த இலை சரசரத்தது. அவ்வளவுதான், அது விருட்டென்று கிளையில் ஏறி மறைந்துவிட்டது.

"நம்பளைப் பாத்துப் பயந்துடுச்சே!" என்றாள். அழவில்லை. பாதி ஏமாற்றம், பாதி பெருமை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வகுப்பில் அந்த அம்மாள் சொன்ன வார்த்தை ஏன் அத்தனை கடுமையாக இருந்தது என்பது அப்போது விளங்கியது. கொஞ்சுவதைவிட, கொஞ்சாமல் இருப்பதற்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

அணில் குட்டிக்கு என்ன செய்யலாம்?

இனி தஞ்சாவூர் சகோதரிக்கும், அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும்:

முதலில், அது அநாதைதானா என்று பாருங்கள். கீழே விழுந்த குட்டியைத் தாய் அணில் வாயில் கவ்வித் திரும்ப எடுத்துப்போவது உண்டு. காயமில்லாத குட்டியைத் துணி விரித்த சின்னப் பெட்டியில் அந்த மரத்தடியிலேயே வைத்து, காக்கை, பூனை நெருங்காமல் தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். மனிதக் கை பட்டதால் தாய் ஏற்காது என்று பயப்பட வேண்டாம்.

தாய் வரவில்லை, இருட்டப் போகிறது என்றால் உள்ளே எடுத்து வந்து சூடு கொடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். உடம்பு கதகதப்பாகும்வரை பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். பசும்பால், சர்க்கரைத் தண்ணீர், பிஸ்கட் எதுவும் வேண்டாம். மிருக டாக்டரைக் கேட்டு அவர் சொல்வதை மட்டும் கொடுங்கள். பூனை கவ்வியிருந்தால் காயம் தெரியாவிட்டாலும் உடனே காட்டுங்கள். சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையையோ வனத்துறை அலுவலகத்தையோ கேட்கலாம். காட்டுப் பிராணிகளை நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் காக்கிறது. குட்டி வளர்ந்ததும் கூண்டில் அடைத்து வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

குழந்தைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். எந்தப் பிராணி கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது.

உங்கள் பையனைத் திட்டாதீர்கள், சகோதரி. தூக்கி வர வேண்டும் என்று தோன்றியதே, அது நல்ல மனசு. குட்டி பிழைத்து மரம் ஏறும் நாளில் அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அது திரும்பிப் பார்க்காமல் ஓடும்போது அவனுக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

அடுத்த கடிதத்தில், இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு புளிக்க வைக்க நான் செய்யும் உபாயங்கள். இப்போது மணி ஆறாகிறது. வாளியும் கத்தரிக்கோலும் காத்திருக்கின்றன. நேற்றுதான் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சிட்னி சகோதரி